அட்டையும் அபிஷாவும்

அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் முதலில் ஸ்டெல்லாவைப் பற்றித்தான் சொல்வேன்.

ஸ்டெல்லா மனச்சிதைவுக்கு எங்களிடம் மருந்து எடுத்துவந்தாள். தக்கலைப் பக்கம் அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு உரிக்கிற வேலை. நோய் கூடும்போது அதுவும் நின்றுபோகும். மாற்றுத்திறனாளி அட்டை வாங்கினால் மாத உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம் என்றேன். நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

"வேண்டாம் மேடம். கிறுக்கின்னு கவர்மெண்டே எழுதித் தந்தா, அபிஷாவ அவரு கொண்டு போயிருவாரு. எனக்குப் பேடியா இருக்கு, பயந்து வருது."

பிரிந்துபோன கணவர், மகள் அபிஷாவைக் கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். இலவச சட்ட உதவி வக்கீலிடம் அழைத்துப்போனேன். அட்டை இருப்பதாலேயே பிள்ளையைப் பறித்துவிட முடியாது, பிள்ளையின் நலனைத்தான் கோர்ட் பார்க்கும் என்று அவர் விளக்கினார். சில வாரம் கழித்து ஸ்டெல்லா தானாகவே வந்தாள்.

"எழுதுங்க மேடம். ஒளிச்சு வெச்சாலும் ஒருநாள் தெரியத்தானே செய்யும்."

மெடிக்கல் போர்டு சான்றிதழ் கொடுத்தது. அவள் பயந்தபடியே கணவரின் வக்கீல் அதைக் கோர்ட்டில் பிடித்துக்கொண்டார். நீதிபதி அவளிடம் கேட்டார்: "நோய் கூடினா பிள்ளையை யாரும்மா பார்ப்பாங்க?"

"முதல்ல எனக்கு உறக்கம் போவும் ஐயா. பொறவுதான் காதுக்குள்ள சத்தம் கேக்கும். உறக்கம் போன அன்னைக்கே அவள இரணியல்ல எங்க அக்கா வீட்டுல கொண்டு விட்டுட்டு, நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன்."

அடுத்து அந்த அக்கா சாட்சிக் கூண்டில் ஏறினாள். "பிள்ளை முன்னால சிரிச்சுட்டே நிப்பா ஐயா. 'அம்மை போயி மருந்து வாங்கிட்டு வாறேன் மக்கா'ன்னு சொல்லுவா. பஸ் ஸ்டாப்புக்குப் போன பொறவுதான் அழுவா."

இந்த நோயோடு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். தனக்கு நோய் என்பதையே ஒப்புக்கொள்ளாதவர்கள்தான் அதிகம். இவளோ மனம் நழுவத் தொடங்கும் அந்த வேளையில், யாரும் சொல்லாமலே, மகளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டுத் தனியாகப் பஸ் ஏறியிருக்கிறாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

அபிஷா தாயிடமே இருக்கலாம், விடுமுறை நாட்களில் தகப்பன் பார்க்கலாம் என்று தீர்ப்பானது. உதவித்தொகையும் வரத் தொடங்கியது.

புதிதாக வருகிறவர்களிடம் கடைசியாக இதைச் சொல்வேன்: விண்ணப்பம் எழுத உட்காரும் முன் தாயிடம் கேளுங்கள், "உங்களுக்கு முடியாமப் போனா பிள்ளைய எங்க விடுவிய?" பலரிடம் பதில் தயாராக இருக்கும். அதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.