பாதியில் திரும்பிய கிரிவலம்

மகள் பிறந்த இரண்டாம் மாதம் என் மனைவி சிரிப்பதையே விட்டுவிட்டாள். காத்துக்கருப்பு என்று முடிவுகட்டி, ஐந்து செவ்வாய்க்கிழமை அவளை வெறுங்காலுடன் மலைசுற்ற வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம், அடி அண்ணாமலையில் மோர் விற்ற அம்மா அவள் முகத்தைப் பார்த்து, "எத்தினி மாசக் கொழந்தம்மா?" என்றார்.

அவள் உடைந்தாள். "கொழந்தய தூக்கினா எதுவுமே தோணலீங்க."

என்னிடம் சொல்லாதது. நான் கேட்டதுமில்லை.

"எனக்கும் இப்டி இருந்துச்சு. சீக்குதாம்மா, வைத்தியத்துல சரியாயிடுச்சு" என்றார் மோர்க்கார அம்மா.

அவ்வழியே வந்த குதிரை வண்டியைக் கைகாட்டி நிறுத்தினேன்.

"சுத்து பாதியில நிக்குதுங்களே!" என்றாள்.

"மலை எங்கயும் போயிடாது. ஆஸ்பத்திரிக்குப் போலாம், வா."

தேறுவதற்கு மாதங்கள் ஆயின. இப்போதும் தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலிலேயே, "மனசு எப்டி இருக்கு?" என்று கேட்கிறேன். "நர்சம்மா காய்ச்சல் பாக்குற மாதிரி!" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவேன்.