லாக் புக்கில் நான் எழுதாதது

முகம் தெரியாத ஆட்களுக்குப் பதில் எழுதி எழுதி எனக்கு வெறுத்துப்போயிருந்த காலம் அது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் பைப் செய்யும் கம்பெனியில் காண்ட்ராக்ட் எலக்ட்ரீசியனாக இருந்தேன். வாரம் முழுக்க அங்கேயே அறை. ஞாயிற்றுக்கிழமை மணவாள நகர் வீட்டுக்கு வந்து, நாஷ்டா முடித்த கையோடு தெருமுனை பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

மெஷின் பழுது பார்க்கிறவர்களுக்கென்று இணையத்தில், ஆங்கிலத்தில், ஒரு ஃபோரம் இருந்தது. யாரோ கேட்பார்கள், யாரோ பதில் சொல்வார்கள். அங்கே எதிர்பார்த்தது ஒரே ஒரு மரியாதைதான். பதில் வாங்கியவர் திரும்பி வந்து, செய்து பார்த்தேன், இப்படி ஆனது என்று எழுத வேண்டும். அடுத்து அதே பழுதோடு வருகிறவருக்கு அது உதவும்.

பாதிப் பேர் வரமாட்டார்கள். நான் டிக்‌ஷனரியைப் புரட்டி, வார்த்தை தேடி, வியர்க்க விறுவிறுக்க எழுதிப் போட்டால் ஆள் கம்பி நீட்டிவிடுவான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வரி எழுதினால் விரல் தேய்ந்துவிடுமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திட்டியிருக்கிறேன்.

கம்பெனியில் காலை ஷிப்ட் எனக்கு. மதிய ஷிப்ட்டில் ஆர்.கே.பேட்டைக்காரர் ஒருவர் இருந்தார். என்னைவிட இரண்டு வயது பெரியவர், வீட்டில் கைக்குழந்தை. அவரும் காண்ட்ராக்ட்தான். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் பர்மனென்ட் செய்வார்கள் என்று பேச்சு. அவர் ஷிப்ட்டில் பெரிய மெஷின் அடிக்கடி நின்றதற்கு ஏற்கெனவே மெமோ கொடுத்திருந்தார்கள். இன்னொரு முறை நின்றால் வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொன்னது எல்லாருக்கும் தெரியும்.

அது ஏன் நிற்கிறது என்பது எனக்கு மட்டும் தெரியும். ஃபோரத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தது. மெஷினின் மின்சார பேனல் கதவைத் திறந்து மூடும்போதெல்லாம் கீல் பக்கம் ஒயர்க் கத்தை மடங்கும். மேல் உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். என் ஷிப்ட்டில் நின்றபோது அறுந்த ஒயரைத் தேடி மாற்றினேன். அதே கத்தையில் இன்னொன்றும் போகும் என்று எனக்குத் தெரியும். ஷிப்ட்டுக்கு ஷிப்ட் பழுதைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் மட்டும் "பார்த்தாச்சு, ஓ.கே." என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பெனியில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம். விவரம் எழுதினால் நம் இடத்துக்கு நாமே ஆள் தயார் செய்தது போல ஆகிவிடும்.

ஷிப்ட் மாறும்போது அவர் கேட்டார்.

"இன்னாபா பண்ண? ஒனக்கு ஓடுது, எனக்கு மட்டும் பேஜாரு பண்ணுது."

"ஒண்ணும் பண்லபா. சும்மா ரீசெட் அடிச்சேன், ஓடிக்கினு கீது."

"மெய்யாலுமா?"

"மெய்யாலும்பா."

அடுத்த நாள் கேன்டீனில் அதே வாயால், வெளிநாட்டுக்காரனெல்லாம் இணையத்தில் என்னிடம் சந்தேகம் கேட்கிறான் என்று அவரிடமே அளந்தேன். பெருமை அடங்காமல் அந்த ஃபோரத்தின் பெயரையும் சொல்லிவைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை ஃபோரத்தைத் திறந்தால் புதிதாக ஒரு கேள்வி, புனைபெயரில், உடைந்த ஆங்கிலத்தில். மெஷின் தானாக நின்றுவிடுகிறது, வேலை போய்விடும், உதவுங்கள். முன்பு சரிசெய்தவரைக் கேட்கலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்டேன், சொல்லவில்லை, லாக் புக்கில் அவர் எழுதியதைப் படமாகப் போட்டிருக்கிறேன் என்று அதற்குப் பதில்.

எனக்கு வந்ததே கோபம். கேட்டும் சொல்லாத இப்படிப்பட்ட ஆளைப் பேனல் பக்கமே விடக்கூடாது என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டிருந்தது. கோடு போட்ட தாள். மெஷின் நம்பர். "பார்த்தாச்சு, ஓ.கே." அதற்குக் கீழே என் கையெழுத்து.

எழுதியதை அழித்தேன். பதில் எழுதவில்லை. எழுதினால் நான்தான் என்று தெரிந்துவிடும், மானம் போய்விடும் என்று பயந்தேன். திங்கட்கிழமை ஷிப்ட் மாறும்போது ஏதோ அப்போதுதான் தோன்றியது போல நேரிலேயே சொல்லிவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது மெஷின் நின்றுகிடந்தது. ஞாயிறு மதிய ஷிப்ட்டில் மறுபடி நின்றதாம். அவரை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். நான் கதவைத் திறந்து கத்தையைத் தடவிப் பார்த்தேன். நான் மாற்றியதற்கு அடுத்த ஒயர்தான் அறுந்திருந்தது. மாற்றப் பத்து நிமிடம் ஆனது.

ஷிப்ட் முடிந்ததும் கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் போய், எல்லாவற்றையும் எழுதினேன். கீல், கத்தை, உள்ளே அறும் கம்பி, எப்படித் தேடுவது, எப்படி மாற்றுவது. கடைசியில், அந்த லாக் புக்கில் எழுதியவன் நான்தான், மன்னித்துவிடுங்கள் என்றும் எழுதினேன். அந்தக் கேள்விக்கு அதைவிட விவரமான பதில் யாரும் எழுதவில்லை.

இரண்டு மாதம் கழித்து என்னை பர்மனென்ட் செய்தார்கள். அதன் பிறகும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். என் பதிலுக்குக் கீழே அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.