சுழியோடியின் உடுப்பு

கடலுக்கடியில் சுழியோடும் றப்பர் உடுப்பொன்று விலைக்கு இருக்கிறதென்று கேள்விப்பட்டு, சாய்ந்தமருதில் ஒரு சுழியோடியின் வீட்டுக்குப் போனேன். ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போன மனிதர்; வயதில் மூத்தவரென்பதால் ஊர் வழக்கப்படி காக்கா என்றே அழைத்தேன். தோள்கள் மட்டும் கடலுக்குப் போகிறவர் போல இன்னும் திரண்டிருந்தன. உடுக்க வழியில்லாமலே, வெள்ளிக்கிழமை தோறும் அந்த உடுப்பை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுவாராம்.

“போட்டுப் பாருங்க தம்பி. இறுக்கமா இரிக்கணும். லூசெண்டா குளிர் தண்ணி பூந்திரும்.”

எனக்கு அளவாக இருந்தது.

“முழங்கால மடிங்க. புடிக்கிதா?”

“இல்ல காக்கா.”

“இன்னொருக்கா மடிங்க.”

மடித்தேன். அவர் பார்ப்பது உடுப்பையல்ல என்று அப்போதுதான் விளங்கியது.

“இன்னொருக்கா” என்றார்.

எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் மடித்துக்கொண்டே நின்றேன்.