எல்லாவற்றுக்கும் ‘வுய்’ சொன்ன வாய்

ஒரு சின்னக் கிண்ணம் ஆப்பிள் கூழ் என் வாழ்க்கையை முடித்துவிட்டது என்று நான் நம்பிய நாள் ஒன்று உண்டு. என்னோடு முழங்காலில் நின்று ஜெபித்தவர்களுக்குக்கூட இதை முழுதாகச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம். இன்று சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலையிலிருந்து மொன்றியலுக்கு வந்து, பன்னிரண்டு வருடம் லாசாலில் ஒரு தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி ஒட்டினேன். முப்பத்தெட்டு வயதில் தாதிப் படிப்புக்காக சேஜெப் கல்லூரியில் சேர்ந்தேன். வகுப்பில் இருந்த பிள்ளைகள் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள். தமிழ் முகம் என்னுடையது மட்டும். குழுவாக ஏதாவது செய்யச் சொன்னால் அவர்கள் தாங்களாகவே சேர்ந்துவிடுவார்கள், நான் மிச்சமாக நிற்பேன். சனி, ஞாயிறு தொழிற்சாலை. மற்ற நாட்களில் வகுப்பு, சமையல். பஸ்ஸில் நின்றபடி படிப்பேன்.

அதையெல்லாம் தாங்கினேன். பாஷையைத்தான் தாங்க முடியவில்லை. புத்தகத்தில் இருக்கும் பிரெஞ்சு எனக்கு வரும். இந்த ஊர் ஆட்கள் வேகமாகப் பேசினால் பாதி காற்றோடு போய்விடும். அப்போது சிரித்துக்கொண்டு ‘வுய் மதாம்’, ஆமாம் அம்மா, என்பேன். ‘ஓம் ரீச்சர்’ என்று சொல்லி வளர்ந்த வாய் அது. படிப்பிக்கிறவர் முகத்தைப் பார்த்து விளங்கவில்லை என்று சொல்வது மரியாதை இல்லை என்றே நினைத்திருந்தேன்.

மருத்துவமனைப் பயிற்சியில் முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவையும் தோற்றால் படிப்பை விட்டே நீக்கிவிடுவார்கள். அதனால் செவ்வாய்க்கிழமைதோறும் உபவாசம் இருந்து ஜெபித்தேன்.

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்துச் செவ்வாய் ஒன்று. அன்றும் உபவாசம். பயிற்சிக்குப் பொறுப்பான ஆசிரியை, எண்பது வயதை நெருங்கிய ஓர் ஐயாவின் கட்டிலடியில் நின்று வேகமாக ஏதோ சொன்னார். ‘அ ஜன்’ என்று காதில் விழுந்தது. ‘ஜென்’ என்றால் இளமை. ஐயா இன்னும் இளந்தாரிதான் என்று பகிடி விடுகிறார் போலும் என்று நினைத்தேன். விளங்கியதா என்று கேட்டார். பல்லெல்லாம் தெரியச் சிரித்து ‘வுய் மதாம்’ என்றேன்.

பத்து மணிக்கு ஐயா பசிக்கிறது என்றார். அவருக்குக் கொஞ்சம் மறதி. நானும் பசியோடு இருந்தவள், மனம் கேட்கவில்லை. வார்டு ஃபிரிட்ஜில் இருந்த ஆப்பிள் கூழை எடுத்து ஊட்டினேன். பாதிக் கிண்ணம் முடிந்தபோது ஆசிரியை கதவடியில் நின்றார். அவர் முகம் வெளுத்துப்போனது.

‘அ ஜன்’ என்றால் வெறுவயிறு. அன்று மதியம் ஐயாவுக்குக் காலில் சத்திரசிகிச்சை. சாப்பாடு வயிற்றில் இருக்க மயக்க மருந்து கொடுத்தால் அது சுவாசப்பைக்குள் போய் ஆள் சாகவும் கூடும். உபவாசம் இருந்த நான், பட்டினி இருக்க வேண்டியவருக்கு ஊட்டிவிட்டிருந்தேன்.

சத்திரசிகிச்சை மறுநாளுக்குத் தள்ளிப்போனது. “விளங்கியதா என்று கேட்டேனே. ஓம் என்றீர்களே,” என்றார் ஆசிரியை. அவர் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு முடிவு எடுப்பதாகச் சொல்லிப் போனார்.

கழிப்பறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். “ஆண்டவரே, செவ்வாய்க்குச் செவ்வாய் பட்டினி கிடந்தது இதுக்கா?” என்று சண்டை பிடித்தேன். கணவருக்குப் போன் எடுத்தேன்.

“அழாதையும். தெரியாமல் நடந்தது தானே. ஏலாட்டி விட்டிட்டு வாரும், பேந்து பாப்பம்,” என்றார்.

அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு என்னை இன்னும் உடைத்தது. விட்டால் திரும்பவும் அந்தப் பெட்டிகள்தான். எனக்கு விட விருப்பமே இல்லை. ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? “ஓம்.” அவருக்கும் ஓம்!

மூன்று நாளும் ஒரே ஜெபம்தான். என் காதைத் திறந்துவிடும், எல்லாம் விளங்கச் செய்யும் என்று கெஞ்சினேன். வெள்ளிக்கிழமை வந்தது. காது அப்படியே இருந்தது. அதே ஐயா, அதே கட்டில், அதே வேகம். ஆசிரியை சொல்லி முடித்து, “விளங்கியதா?” என்றார்.

‘வு’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. பிறகு நானே எதிர்பாராமல் சொன்னேன்: “இல்லை மதாம். எனக்கு விளங்கவில்லை. மெதுவாகச் சொல்லுங்கள்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். சத்திரசிகிச்சை செய்த காலை ஐயா நிலத்தில் ஊன்றவே கூடாது. மூன்று தடவை திருப்பிக் கேட்டேன். மூன்று தடவையும் சொன்னார். “இப்போதுதான் உங்களை ஒரு நோயாளியோடு தனியே விட எனக்குப் பயமில்லை,” என்றார். பயிற்சியில் தேறினேன்.

ஐயா மட்டும், இன்றைக்கு அந்தக் கூழ் இல்லையா என்று கேட்டார். சாப்பிடலாமா என்று அவருடைய மருத்துவக் குறிப்பை இரண்டு தடவை பார்த்த பிறகுதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்று அஹுன்ட்சிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக இருக்கிறேன். ஆண்டவருக்கு நன்றி. நான் காதைக் கேட்டேன், அவர் வாயைத் திருத்திக் கொடுத்தார்.

பிந்திய வயதில் படிக்கப் போய், வகுப்பில் தலையாட்டிக்கொண்டு இருக்கும் என் சகோதரங்களே, கை உயர்த்துங்கள். அவர் உங்களைக் கைவிட மாட்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக ஆண்டவருக்கும் நான் அதே ‘வுய்’யைத்தான் சொல்லியிருக்கிறேன், ‘ஆமென்’ என்று. இப்போது முழங்காலில் நின்றால் உள்ளதைச் சொல்கிறேன்: “விளங்கேல்லை, ஆண்டவரே. இன்னொருக்கால் சொல்லும்.”