ஸ்கூட்டி ஓட்டிய ஆராய்ச்சி உதவியாளர்

ஏற்காடு மலையிலுள்ள வாழவந்தியில் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் மரியஜோசப்பின் மகள் ஷீனா, மண்ணியலில் முனைவர் பட்டம் வாங்கியவள். சேலத்தில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தபோதுதான் அவளுக்குச் சோதனை வந்தது. தன்விவரக் குறிப்பில் ‘உதவியாளர் அனுபவம்’ என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதுவது?

அனுபவம் இல்லாமல் இல்லை. பேராசிரியர் தேவசிகாமணியிடம் இரண்டு வருஷம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தாள். அவர் கல்யாணம் காட்சி என்று போன நாட்களிலெல்லாம் மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பும் எடுத்தாள். அவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதினாள்: மண் அள்ளினேன், சலித்தேன், பாட்டில் கழுவினேன், மண் எடுக்கப் பேராசிரியரை ஸ்கூட்டியில் மாரமங்கலம் கூட்டிப்போனேன்.

அப்பா படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஏங்கண்ணு, இதுக்கா அத்தன வருசம் படிச்ச? பாட்டில் கழுவுனத மட்டுமாச்சும் எடுத்துரு சாமி.”

தோழி சங்கீதா பல நேர்காணல் பார்த்தவள். போனிலேயே எல்லாவற்றையும் திருத்திவிட்டாள். பாட்டில் கழுவியது ஆய்வகக் கருவிப் பராமரிப்பு ஆனது. மண் சலித்தது தரக்கட்டுப்பாடு ஆனது. ஸ்கூட்டி, களப் போக்குவரத்து ஒருங்கிணைப்பாக உயர்ந்தது. அரைப் பக்கம் மூன்று பக்கமாயிற்று. படித்துப் பார்த்த ஷீனாவுக்கே அதில் வரும் பெண்மேல் மரியாதை வந்தது.

நேர்காணலில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தவர் ஈவ்லின் மேடம், மண்ணாராய்ச்சியில் பேர்பெற்றவர். தாளைப் புரட்டிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். போக்குவரத்து ஒருங்கிணைப்பு என்றால் எத்தனை வண்டி, எத்தனை பேர் என்று கேட்டார்.

இதற்கும் சங்கீதா ஒரு பதில் சொல்லிக்கொடுத்திருந்தாள். நேரம் பார்த்து அது மறந்துபோனது.

“ஒரு ஸ்கூட்டிங்க மேடம். நான் ஓட்டுனேன், சார் பின்னால உக்காந்தாருங்க.”

தேர்வுக் குழுவிலிருந்த மற்ற இருவரும் தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டார்கள். மேடம் சிரிக்காமல், மேலே சொல்லச் சொன்னார். ஷீனா வேறு வழியில்லாமல் சொன்னாள். ஒரு வளைவில் காட்டெருமை நின்றது, பிரேக் போட்டாள், சார் காப்பிச் செடிக்குள் போய் விழுந்தார், மண் பைகள் கிழிந்து ஒரு தோட்டத்து மண் இன்னொன்றோடு கலந்துபோனது. சார் காலில் கட்டோடு படுத்துவிட, அவள் தனியாகத் தோட்டம் தோட்டமாகத் திரும்பப் போய்ப் புதிதாக மண் எடுத்து, ஆய்வையும் முடித்தாள்.

இது ஏன் குறிப்பில் இல்லை என்று கேட்டார் மேடம்.

“சார் விழுந்ததையும் எழுத வேண்டியிருக்குமேன்னு உட்டுட்டேனுங்க.”

இப்போது மேடமும் சிரித்துவிட்டார்.

வேலை என்னவோ வேறொருவருக்குத்தான் போனது. ஷீனாவுக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் மேடமே போன் செய்தார். ஏற்காடு மலை முழுக்க மண்ணை ஆராயும் தன் திட்டத்தில் சேர்ந்துகொள்ள வரமுடியுமா என்றார்.

“நொம்ப சந்தோசமுங்க மேடம்,” என்றாள் ஷீனா. “என்னென்ன வேலைன்னு ஆர்டர்லயே எழுதிருங்க. அப்பறம் நான் ஒவ்வொண்ணுக்கும் பேரு தேட வேண்டாம் பாருங்க.”

மேடம் அப்படியே எழுதி அனுப்பினார். இப்போது ஷீனா அதே மலையில் வெள்ளக்கடைப் பக்கம் மண் எடுக்கிறாள். தன் மிளகுக்கொடி ஏன் மஞ்சளிக்கிறது என்று விவசாயி அங்கப்பன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார். இந்த வாரம் எடுத்த மண்ணில், சோதனைக்கு முதலில் அவர் தோட்டத்துப் பையைத்தான் பிரித்து வைத்திருக்கிறாள்.