பன்னு

டயர் கடைக்காரரை எல்லோரும் பன்னு என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. ஒட்டிய கன்னமும் கூரான தாடையுமாக இருக்கிற ஆளுக்கு இப்படி ஒரு பெயரா என்று புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். அவரும் பஞ்சரான ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கியபடியே கூடச் சிரிப்பார். சின்ன வயதில் பன் பைத்தியமாக இருந்ததால் வந்த பெயர் என்று மனைவியிடம் அளந்துவிட்டிருந்தார். அவளும் நம்பி, அவர் கோபித்துக்கொண்டால் ஒரு பன்னை வாங்கிக் கையில் கொடுப்பாள்.

மகளுக்கு நான்கு வயதில் இரண்டு கன்னமும் உப்பத் தொடங்கின. பார்த்தவர்களெல்லாம் கிள்ளிக் கொஞ்சினார்கள். ஊட்டி வளர்த்த பெருமையில் தாய்க்குத் தலைகால் புரியவில்லை. அவர் மட்டும் தன் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். குழந்தையின் கடைவாய்ப் பல் ஆடத் தொடங்கியபோதுதான் தாயும் பயந்தாள்.

பல் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். தாடை எலும்பு முழுக்கச் சோப்பு நுரை மாதிரிக் குமிழ்கள். புற்றுநோய் இல்லை, வளர்ந்த பிறகு பெரும்பாலும் தானாக வற்றிவிடும், இப்போதைக்குக் கத்தி வைக்காமல் பார்த்துக்கொண்டு வருவோம் என்றார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார்.

"எனக்கு இருந்துச்சு டாக்டர். மீசை முளைக்கிற வயசுலதான் வத்துச்சு."

"அப்போ அந்தப் பேரு..." என்று மனைவி அவருடைய ஒட்டிய கன்னத்தைப் பார்த்தாள்.

எந்தச் சக்கரத்தையும் கழற்றி மாட்டுகிற மனிதருக்கு இதில் செய்ய ஒன்றுமில்லை. கன்னம் வற்றிவிடும் என்று அவருக்குத் தெரியும். அதுவரை பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். மகள் காதில் அந்தப் பெயர் விழாமலிருந்தால் போதும் என்று, இனிமேல் அப்படிக் கூப்பிட வேண்டாமெனக் கடைக்கு வருகிறவர்களிடம் கெஞ்சினார். காரணம் கேட்டவர்களிடம் மழுப்பினார். தெரு மெல்ல அவருடைய சொந்தப் பெயருக்குப் பழகியது.

மகள் பள்ளியில் சேர்ந்த பிறகு ஒரு மாலை, அவளை அழைத்துவரப் போனார். கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"ஏய் பன்னு!"

பழக்கதோஷம், சட்டென்று திரும்பினார். பிள்ளைகள் கூட்டமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மகள் திரும்பவில்லை. அவர் கையை இழுத்து, "உன்ன இல்லப்பா, என்னைத்தான் கூப்பிடுறாங்க. நீ வா" என்றாள்.