ஆறாம் கூண்டுத் தண்ணீர்

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். அன்று அந்த அறையில் இருந்தது நான் ஒருத்திதான். கேட்டதும் நான்தான்.

என் பெயர் நாஸியா. மதுரையில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறேன். உடம்புக்குள் போகும் ஈயம் எங்கெங்கே தங்குகிறது என்பதுதான் ஆராய்ச்சி. சில கூண்டு எலிகளுக்கு வெறும் தண்ணீர். மற்றவற்றுக்கு ஈயம் கலந்த தண்ணீர். இரண்டு மாதம் கழித்து அறுத்து, சிறுநீரகத்திலும் ஈரலிலும் எலும்பிலும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளப்போம்.

என் தம்பி தவ்பீக் அவனியாபுரத்தில், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை பார்த்தான். விட்டுவிடச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினேன். "எனக்கு வேற என்னக்கா தெரியும்?" என்று சிரிப்பான். வயிற்றுவலி, பிறகு வலிப்பு. இருபத்து மூன்று வயதில் அடக்கம் செய்தோம். ரத்தமெல்லாம் ஈயம் என்றார் டாக்டர்.

நாற்பதாம் நாள் முடிந்து வேலைக்குத் திரும்பினேன். அதுவரை எலிகளைப் பார்த்துக்கொண்டவள் என் தோழி ரோகிணி. கடைசிவாரத் தண்ணீர் மாற்ற வேண்டும். மாலை ஆறு நாற்பது. பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு சொல்லி முடித்தார்கள். ஆறாம் கூண்டில் ஈயத் தண்ணீர் பாட்டிலை மாட்டினேன்.

கரண்ட் போனது.

எலிகள் கீச்சிடவில்லை. ஒன்றுகூட.

ஆசிட் நெடி வந்தது. துவைத்தாலும் போகாத, அவன் சட்டை நெடி...

"அதுகளுக்கு ஊத்தாதக்கா."

என் காதருகே. அவன் குரல்.

"தவ்பீக்?"

பாட்டில் முனையில், எலி நக்கினால் உருண்டு தண்ணீர் விடும் இரும்புக் குண்டு மட்டும் ஆடியது.

டிக்... டிக்... டிக்...

செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். நான்கு எலிகளும் பின்மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. பாட்டில் பக்கம் யாருமில்லை.

தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

"வேணாம்டா... குடிக்காதடா!" என்று கத்தினேன்.

நிற்கவில்லை.

கடைசிச் சொட்டு வரை...

கரண்ட் வந்தபோது தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். கூண்டுக்கு அடியில் ஈரமே இல்லை.

அடுத்த வாரம் எலிகளை அறுத்தோம். அளவெடுத்தவள் ரோகிணி. ஈயம் குடித்த மற்றக் கூண்டு எலிகளிலெல்லாம் ஈயம் இருந்தது. ஆறாம் கூண்டில் இல்லை. நான்கிலும் இல்லை. எலும்பில்கூட.

"மெஷின்ல தப்பில்ல நாஸியா. மூணு தடவ ஓட்டிட்டேன். ரெண்டு மாசம் குடிச்ச ஈயம் அம்புட்டும் எங்கடி போச்சு?"

எனக்குத் தெரியும், அம்புட்டும் யாருக்குள் போனது என்று. காலியான ஆறாம் கூண்டில் வெறும் தண்ணீர் பாட்டிலை மாட்டினேன்.